அக்கா மகனுக்கு நாயனம் (நாதஸ்வரம்) வாங்கணும், வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே வணக்கம். உசிலம்பட்டி பக்கம் எங்க ஊரு. அக்கா மகனுக்கு 18 முடிஞ்சிருச்சு, ஆறு வருசமா நாயனம் கத்துக்கிறான், ஆனா இன்னும் சொந்தக் கருவி இல்ல, வாத்தியாரோட பழசுலதான் வாசிக்கிறான், அதுல அனசுக்கு (அடியில இருக்குற புனல் மாதிரி பாகம்) மேல விரிசல் விட்டு நூலச் சுத்தி மெழுகு பூசி வச்சிருக்கான், மேல் ஸ்தாயி போனாலே காத்து கசியுது, பாக்கவே மனசு கேக்கல.

இயல் இசை நாடக மன்றத்துல கருவி வாங்க உதவி குடுக்குறாங்க, அதுக்கு நாட்டுப்புறக் கலைஞர் நலவாரிய அட்டை கட்டாயமா? இளம் கலைஞர்களுக்கு மத்திய அரசு குடுக்குற ஸ்காலர்ஷிப் 18லருந்து 25 வயசு வரைக்கும், மாசம் 5000, ரெண்டு வருசம். அப்ளை பண்ணுனவங்க யாராச்சும் இருக்கீங்களா? வாத்தியார்கிட்ட கத்துக்கிறான்னு அவருகிட்ட சர்டிபிகேட் எப்படி வாங்கணும்? மதுரையில உதவுற கோயில் டிரஸ்ட், வியாபாரிகள் சங்கம் தெரிஞ்சாலும் சொல்லுங்க. நல்லா வாசிக்கிற பய, கருவி இல்லாம விட்றக் கூடாது.