பஸ்ஸுல கொண்டுபோக உகுலேலே (நாலு கம்பி, குட்டி கிட்டார் மாதிரி), 3000 ரூபாய்க்குள்ள எது? விரல் வலி தாங்கல

வைகைக்கரை:
அவசரம். வாராவாரம் ஆரப்பாளையத்துல தேனி பஸ் ஏறுறேன், கையோட கொண்டுபோற மாதிரி வேணும். இப்ப இருக்குறதுல விரல் எரியுது, வாசிக்கவே முடியல. நாளைக்குள்ள சொல்லுங்க.

தெப்பக்குளத்தான்:
இப்ப இருக்குறது என்ன சைஸ் தம்பி? எந்தக் கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) பிடிக்குறப்ப வலிக்குது?

புளியமரம்:
மரமே வேண்டாம், பிளாஸ்டிக் உடம்பு எடுங்க. சித்திரைத் திருவிழாவுக்கு வெயில்ல காரை நிறுத்திட்டு தல்லாகுளத்துல எதிர்சேவை பாக்கப் போயிட்டேன். வந்து பாத்தா பின்சீட்டுல கிடந்த உகுலேலேயில பசை இளகி, உடம்புல கம்பியைக் கட்டுற பிரிட்ஜ் கம்பியோட பேந்து நிக்குது. இன்னும் மனசு ஆறல.

மீட்டல்:
எத்தனை தடவை சொல்றது? வாங்குறதுக்கு முன்ன அடிப்படையைப் படிங்க. சின்ன சைஸ் சோப்ரானோ 21 இஞ்ச், அதுல கம்பி நீளம் 13தான். அடுத்த சைஸ் கான்செர்ட் 23, கம்பி 15. விரல் தடிமனா இருந்தா கான்செர்ட். மத்தபடி வலின்னா பயிற்சி பத்தல.

வைகைக்கரை:
21 இஞ்ச். எஃப், பி ஃப்ளாட். நாலாவது கம்பி மூணாவதை விட மெல்லிசா இருக்கு, மாத்தி மாட்டிட்டாங்களா?

சுருதிப்பெட்டி:
இல்லங்க. நாலாவதுல இருந்து கம்பிங்களோட சுரம் ஜி சி ஈ ஏ. அதுல அந்த ஜி, சியை விட மேல் சுருதியிலதான் நிக்கும், அதான் மெல்லிசு. மூணாவது கம்பி சி, நம்ம 1 கட்டை ஷட்ஜம். ஆனா நம்ம பாட்டுக்கு லோ ஜி (ஒரு ஸ்தாயி கீழ ஒலிக்கிற ஜி கம்பி) போட்டாத்தான் ஷட்ஜத்துக்குக் கீழ வர்ற மந்தர பஞ்சமம் கிடைக்கும்.

மீட்டல்:
லோ ஜி போட்டா அது குட்டி கிட்டார். 13 இஞ்சுல தொளதொளன்னு கிடக்கும்.

சுருதிப்பெட்டி:
13ல சரி. 15ல நான் ரெண்டு வருஷமா வாசிக்கிறேன். ஷட்ஜத்துக்குக் கீழ இறங்குற பாட்டை நீங்க எதுல வாசிப்பீங்க?

தெப்பக்குளத்தான்:
அது அப்புறம். தம்பி, ரெண்டு கார்டுக்கும் முதல் ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்க இருக்குற மெட்டு) விரல் வைக்கணும். வலி அங்கனதான்னா நட்டுல (கழுத்து முனையில கம்பியைத் தாங்குற பட்டை) கம்பி உக்கார்ற காடி ஆழம் பத்தாம இருக்கும், விலை கம்மியானதுல இது சகஜம். கம்பியை 2வது, 3வது ஃப்ரெட்டுக்கு நடுவுல அழுத்திட்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல பாருங்க. ஒரு தாள் நுழையுற இடம் போதும். ஏ கம்பியை முதல் ஃப்ரெட்ல அழுத்தினா சுருதி காட்டுற டியூனர் முள் பி ஃப்ளாட் சுரத்தைத் தாண்டுதான்னும் பாருங்க. தாண்டினா காடியை இழைக்கக் குடுங்க, கொஞ்சங் கொஞ்சமா. கூட இழைச்சுட்டா கம்பி ஃப்ரெட்ல உரசும். இதைப் பாக்காம புதுசு வாங்கினா அதுலயும் இதே வலி வரலாம்.

வைகைக்கரை:
ரெண்டு விசிட்டிங் கார்டு நுழைஞ்சுச்சுண்ணே. கிட்டார் சரிபண்றவர்கிட்ட இழைச்சு வாங்கிட்டேன். பி ஃப்ளாட் விழுது. புதுசு வாங்கல. ரொம்ப நன்றிண்ணே, பஸ் வந்துருச்சு.