கஞ்சா எச்சரிக்கைகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

காட்பாடிக்காரன்:
காட்பாடியில் நான் தேநீர் குடிக்கும் கடைச் சுவரில், மண்டையோட்டுப் படத்துடன் ‘ஒருமுறை தொட்டால் மரணம்’ என்ற சுவரொட்டி ஓரம் கிழிந்து தொங்குகிறது. ஆனால் 1893-94இல் ஆங்கிலேய அரசு அமைத்த ஆணையம், கஞ்சாவை மிதமாகப் பயன்படுத்துவோருக்குப் பெரும்பாலும் தீங்கில்லை என்று அறிக்கை தந்திருக்கிறது. மதுவை அரசே விற்கும் மாநிலத்தில் கஞ்சாவுக்கு மட்டும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடைச் சட்டம் ஏன்?

பாலாற்றங்கரை:
ஐயா, 1961ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றதன் தொடர்ச்சியே அச்சட்டம். அது கஞ்சா என்று சொல்வது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளை மட்டுமே. நுனி சேராத இலை அதில் அடங்காது என்பதால்தான் வடமாநிலங்கள் சிலவற்றில் அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்கு உரிமத்துடன் விற்கப்படுகிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை அவ்வுடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்களின் முதல் பட்டியலில் அது இன்னமும் இருக்கிறது.

மனநலச் செவிலி:
சுவரொட்டி மிகைதான், அந்த மிகையே இளைஞர்களை உண்மையான எச்சரிக்கையையும் நம்பவிடாமல் செய்கிறது. காட்பாடிக்காரரே, நீங்கள் காட்டும் ஆங்கிலேயர் கால ஆணையமே அளவு மீறினால் கேடு என்றும் எழுதியது. பதின்வயதில் தொடங்கி, வீரியம் மிக்கதை நாள்தோறும் புகைப்போருக்கு மனப்பிறழ்வு அபாயம் கூடுகிறது. தன்னைக் கண்காணிக்கிறது என்று தொலைக்காட்சியைப் போர்வையால் மூடிவைத்த பத்தொன்பது வயதுப் பையனை நான் கவனித்திருக்கிறேன்.

காட்பாடிக்காரன்:
நன்றி, அம்மா. ஆயினும் அப்பையனுக்குத் தேவைப்பட்டது மருத்துவம். சிறிதளவு வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.