சைக்கிள் செயினில் ஓடும் ஹிட்டாச்சியும் அதை ஓட்டிப் பார்த்தவர்களும்

மாடல் வண்டி செய்பவர்கள் கூடும் இந்தக் குழுவில் நிறைய பேர் தாங்கள் செய்த சின்ன வண்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பெயிண்ட், ஸ்டிக்கர், நம்பர் பிளேட், கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழம் வரைக்கும் பிரமாதம். நான் கொஞ்சம் வேறு கட்சி. மண்ணை அள்ளாத ஹிட்டாச்சியையும் மரத்தைத் தூக்காத கிராபையும் அலமாரியில் வைத்து அழகு பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. முதலில் வேலை செய்யட்டும், மஞ்சள் பெயிண்ட் அப்புறம் அடித்துக்கொள்ளலாம். என்னுடைய ஒரு வண்டிக்கு இன்னும் பெயிண்டே அடிக்கவில்லை, அதைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம்.

ஊர் பொள்ளாச்சி. தென்னை நார் மில்லில் மெஷின் பராமரிப்பு வேலை. லேத், வெல்டிங் எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது, ஸ்கிராப் இரும்பும் கேட்டால் கிடைத்துவிடும். இந்த வசதி எல்லாருக்கும் அமையாது, ஆனால் கீழே சொல்வதில் பாதி வேலைக்குக் கத்தியும் ஃபோம் ஷீட்டும் ஃபெவிக்விக்கும் போதும்.

ஹிட்டாச்சி என்று நான் சொல்வது நம் ஊர் வழக்கப்படி, செயின் போட்ட, மண் தோண்டும் 20 டன் வண்டி எதுவானாலும். அதை எந்த அளவில் செய்வது என்பதை நான் முடிவு செய்யவில்லை, சைக்கிள் செயின்தான் முடிவு செய்தது. 20 டன் வண்டியின் டிராக்கில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே 190 மில்லிமீட்டர் இருக்கும். சைக்கிள் செயினில் அது அரை அங்குலம், அதாவது 12.7. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட சரியாக 15 வருகிறது, ஆக என் வண்டி நிஜத்தில் 15-இல் ஒரு பங்கு, அதாவது 1:15. ரிமோட் லாரி செய்பவர்கள் பெரும்பாலும் 1:14-இல்தான் செய்கிறார்கள், டாமியா என்ற ஜப்பான் கம்பெனியின் லாரி கிட் எல்லாம் அந்த அளவு. அதனால் நீயும் அதிலேயே செய்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். செய்யலாம்தான், ஆனால் செயினை யார் செய்து தருவார்கள்? ஆன்லைனில் இரும்பு டிராக் விற்கிறார்கள், விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டேன். பழைய சைக்கிள் செயின், அதன்மேல் வெட்டி ஒட்டிய தகரப் பட்டை, முடிந்தது டிராக்.

அடுத்தது எடை. புதிதாகச் செய்பவர்கள் இதைத்தான் கண்டுகொள்வதில்லை. நீளம் 15 மடங்கு குறைந்தால் எடை 15 மடங்கு குறையாது, 15-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், 3375 மடங்கு. 20 டன்னை அதால் வகுத்தால் 5.9 கிலோ. ஃபோம் ஷீட்டில் உடம்பு செய்து மோட்டாரும் பேட்டரியும் வைத்தால் அதில் பாதி எடைகூட வராது. அந்த வண்டி பக்கெட்டை மண்ணில் குத்தினால் மண் போகாது, வண்டிதான் பின்னால் எகிறும். டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் ஈயத்துண்டுகள் கழற்றிப் போட்டது கிடக்கும், கேட்டு வாங்கிப் பின்பக்கம் அடைத்தேன். நிஜ வண்டியிலும் பாரம் பின்னால்தானே. 5.9 வந்ததும் வண்டியின் நடையே மாறிவிட்டது, கல்மேல் ஏறினால் மெதுவாகத் தலை சாய்த்து இறங்குகிறது.

பூம் (வண்டியிலிருந்து கிளம்பும் பெரிய கை), ஆர்ம் (அதன் நுனியில் மடங்கும் சின்னக் கை), பக்கெட் மூன்றுக்கும் சிரிஞ்ச் வைக்கவில்லை. பள்ளிக் கண்காட்சியில் எல்லாப் பிள்ளைகளும் கொண்டுவரும் சிரிஞ்ச் ஜேசிபி நல்ல விஷயம்தான், நானும் அங்கிருந்துதான் வந்தேன். சின்ன சிரிஞ்சை அழுத்தினால் பெரிய சிரிஞ்ச் அதிக பலத்தோடு குறைந்த தூரம் நகரும், பாஸ்கல் விதியை இதைவிட லேசாகக் காட்ட முடியாது. ஆனால் குழாயில் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் கை தொளதொளவென்று ஆகிவிடும், தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஊற்றினால் ரப்பர் ஊதிப்போய்ச் சிக்கும். அதனால் பித்தளைக் குழாய்க்குள் எம்4 ஸ்டட், அதாவது 4 மில்லிமீட்டர் மரைக் கம்பி, முனையில் நட், பின்னால் கியர் மோட்டார். வெளியே பார்க்க ஹைட்ராலிக் சிலிண்டர் மாதிரியே இருக்கும். ஸ்டட்டின் மரை ஒரு சுற்றுக்கு 0.7 மில்லிமீட்டர் நகரும், மோட்டார் 300 ஆர்பிஎம், ஆக நிமிஷத்துக்கு 210 மில்லிமீட்டர். பூம் சிலிண்டர் முழுதும் நீள 25 வினாடி ஆகும். மெதுவுதான். ஆனால் மரைக்கு ஒரு நல்ல குணம், கரண்ட்டை நிறுத்தினாலும் பாரத்தோடு அப்படியே நிற்கும், இறங்காது.

இப்போது ஆபரேட்டர் வந்த கதைக்கு வருகிறேன். மில்லுக்குப் பின்னால் குழி தோண்ட நிஜ ஹிட்டாச்சியோடு வந்த அண்ணன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைமேல் இருந்ததைப் பார்த்துவிட்டார். ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். ஃப்ளைஸ்கை கம்பெனியின் ஆறு சேனல் ரிமோட், அசைவும் ஆறுதான்: பூம், ஆர்ம், பக்கெட், மேல்பாகம் சுற்றுவது, வலது டிராக், இடது டிராக். நிஜ வண்டியின் லீவர் போலவே வைத்திருந்தேன், இடது கையில் சுற்றுவதும் ஆர்மும், வலது கையில் பூமும் பக்கெட்டும். அந்த ரிமோட்டில் இடது குச்சி மேலும் கீழும் விட்ட இடத்திலேயே நிற்கும், அதற்கு உள்ளே ஒரு ஸ்பிரிங் போட்டு நடுவுக்குத் திரும்பி வரும்படி மாற்றினால்தான் லீவர் மாதிரி ஆகும். அவர் எதுவும் கேட்கவில்லை. எந்தக் குச்சி எது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆர்மை இழுத்துக்கொண்டே பூமைத் தூக்கிப் பக்கெட்டைச் சுருட்டினார். அப்புறம் சிரித்தார்.

"என்னங்க தம்பி இவ்ளோ மெதுவா வருது. இந்த வேகத்துல ஓட்டுனா ஓனரு டீசலுக்குக் காசு குடுக்க மாட்டாருங்க."

வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த மெதுவான நடையைப் பார்த்துத்தான் நிஜம் போலவே இருக்கிறது என்பார்கள். சின்ன பொருள் மெதுவாக அசைந்தால் கண்ணுக்குக் கனமாகத் தெரியும். ஆனால் வண்டியிலேயே காலம் தள்ளியவருக்கு அது நோஞ்சான் வண்டி. இரண்டு பேர் சொல்வதும் சரிதான், நான் மோட்டாரை மாற்றவில்லை.

அவருக்குப் பெரிய குறை டிராக் விஷயத்தில். ரிமோட்டில் நாலு அசைவுக்குத்தான் குச்சி இருக்கிறது, மீதி இரண்டும் திருகும் குமிழ். "வண்டியை நகத்தும்போது கை லீவரை விட்டுட்டுப் போகோணும்னா அது வண்டியே இல்லீங்க, காலுக்கு மிதி வேணும்" என்றார். நியாயம். பழைய தையல் மிஷின் மிதியை வைத்து ஏதாவது செய்யலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் அவர் செய்ததுதான் விசேஷம். பக்கத்தில் காலியாக நின்ற, மரம் ஏற்றும் லாரி மாடலின் பின்பக்கத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பக்கெட்டை லாரித் தளத்தின்மேல் வைத்து அமுக்கினார். வண்டியின் முன்பக்கம் தரையை விட்டு எழும்பியது. அப்படியே டிராக்கை ஓட்டி நுனியைத் தளத்தில் ஏற்றிவிட்டு, மேல்பாகத்தை அரைச் சுற்று திருப்பி, பக்கெட்டைப் பின்னால் தரையில் ஊன்றி உந்தி, முழு வண்டியையும் லாரிமேல் ஏற்றிவிட்டார். சாய்வுப் பலகை ஒன்றும் இல்லாமல். ரோட்டோரத்தில் இதைப் பலமுறை பார்த்திருப்பீர்கள், ஆனால் ஆறு கிலோ சாமான் மேஜைமேல் அதே வித்தையைச் செய்யும்போது சாப்பிட வந்தவர்கள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டார்கள். பாதியில் அவர் கையை எடுத்துவிட்டுப் பீடி பற்ற வைத்தார், வண்டி அந்தரத்தில் அப்படியே நின்றது. மரை வைத்ததன் பலன் அங்கேதான் தெரிந்தது.

அந்த லாரியில் ஏற்றும் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சவுக்குக் குச்சிகள், பட்டையோடு வெட்டியது. இந்த அளவுக்கு அதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது, நேராக இருக்கும், பட்டை சன்னமாக இருக்கும். கரூர் பக்கம் புகளூர் காகித ஆலைக்குச் சவுக்கும் தைலமரமும் பக்கவாட்டில் பிதுங்கப் பிதுங்க ஏற்றிக்கொண்டு போகும் லாரிகள்தான் எனக்கு மாதிரி. இதைப் பார்க்க எங்கள் தெரு மரக்கடைக்காரர் வந்தார். வண்டியைப் பார்க்கவே இல்லை மனுஷன், ஒரு குச்சியை உருவி நூலைச் சுற்றி அளக்க ஆரம்பித்துவிட்டார். சுற்றளவு 2 அங்குலம், நீளம் 1 அடி. 15-ஆல் பெருக்கினால் சுற்று 30 அங்குலம், நீளம் 15 அடி. சுற்றில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுப்பது மரக்கடைக் கணக்கு. கிட்டத்தட்ட 6 கன அடி என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிட்டு, "ஆனா சவுக்கை யாருங்க கன அடி போடறாங்க, அது எடைக்குத்தான் போகும், தேக்கு வெச்சுக் காட்டுங்க, விலை சொல்றேன்" என்று போய்விட்டார்.

தேக்கு என்றதும் எனக்கு எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் ஆனைமலைதான் ஞாபகம் வரும். டாப்ஸ்லிப்பில் வெட்டிய தேக்கை மலைச்சரிவில் சறுக்கிவிட்டுக் கீழே கொண்டுவந்தார்கள், அந்த ஊருக்குப் பெயரே அப்படி வந்ததுதான். அதைவிட எனக்குப் பிடித்தது மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய மர ரயில். பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை கொச்சி சமஸ்தானம் போட்ட டிராம்வே, சுமார் 80 கிலோமீட்டர், மீட்டர் கேஜ், ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கோப்பல் என்ஜின்கள். 1907-இல் ஓட ஆரம்பித்து 1963-இல் நின்றுவிட்டது. என்ஜின் ஏற முடியாத செங்குத்தான சரிவுகளில் அவர்கள் செய்த ஏற்பாடு எளிமையானது: மேலே ஒரு பெரிய உருளை, அதில் கம்பிவடம், ஒரு முனையில் மரம் ஏற்றிய வேகன், மறுமுனையில் காலி வேகன். பாரம் இறங்க இறங்கக் காலி வேகன் தானாக மேலே வரும். டீசலும் வேண்டாம் நிலக்கரியும் வேண்டாம், பிரேக்கைப் பிடிக்க ஆள் இருந்தால் போதும்.

இதை 1:32-இல் செய்தேன். மீட்டர் கேஜ் அந்த அளவில் 31 மில்லிமீட்டர் வரும், நான் 32 வைத்தேன். வேகன் சக்கரம் நைலான் ராடில் கடைந்தது, பிரேக் சைக்கிள் பிரேக் கட்டை. ஆறு அடிப் பலகையைச் சாய்த்து இரண்டு தண்டவாளம் பக்கத்துப் பக்கத்தில். வடத்துக்கு முதலில் மீன்பிடி நரம்பு கட்டினேன், ஓடியது, ஆனால் பார்க்கச் சப்பென்று இருந்தது. காரணம், நரம்புக்கு எடையே கிடையாது. நிஜத்தில் பார வேகன் இறங்க இறங்க அந்தப் பக்கத்து வடம் நீண்டுகொண்டே போகும், அந்த வடத்தின் எடையும் பாரத்தோடு சேர்ந்துகொள்ளும், கீழே வர வர இழுப்பு கூடும். பிரேக் பிடிப்பவனுக்கு வேலையே பிற்பாதியில்தான். நரம்பைக் கழற்றிவிட்டுச் சாவிக்கொத்தில் வரும் சின்ன மணிச்சங்கிலியை நீளமாக வாங்கிப் போட்டேன். இப்போது பாதி தாண்டியதும் வேகன் இழுப்பது கையில் தெரிகிறது, பிரேக்கை இறுக்காவிட்டால் கீழே போய்ச் சிதறும்.

ஒரு பள்ளிக் கண்காட்சியில் இதை வைத்திருந்தபோது வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். வேகன் ஏறி இறங்குவதை நெடுநேரம் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நின்றிருந்தேன்.

"எல்லாம் சரி தம்பி, யானை எங்கே?"

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். வெட்டின இடத்திலிருந்து மரத்தைச் சங்கிலி போட்டு இழுத்து வருவது யானை, சாய்த்து வைத்த இரண்டு கட்டைமேல் நெற்றியால் தள்ளி வண்டியில் ஏற்றுவது யானை, அதன்மேல் மாவுத்தன், கீழே சங்கிலியை மாட்டிக் கழற்றக் காவடி, அதாவது மாவுத்தனின் உதவியாள். இவ்வளவும் இல்லாமல் மரம் தானாக வேகனில் வந்து படுத்துக்கொண்டதா என்று கேட்டார். பக்கத்து மேஜைப் பையன் உடனே ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் யானை கொண்டுவந்து வைத்துவிட்டான். வேகனில் பாதிகூட இல்லை அது. பெரியவர் அதையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது குட்டி, இதை வேலைக்கு விடக் கூடாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

யானையை மோட்டார் வைத்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை, அது வேறு துறை. இப்போது கையில் இருப்பது போர்வெல் ரிக் வண்டி, அதே 1:15. ஆறரை அங்குல பிட் இந்த அளவில் 11 மில்லிமீட்டர் வருகிறது, தொட்டியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி உறைந்த பிறகு அதில் துளை போட்டுப் பார்த்தாயிற்று, துளைக்கிறது. புழுதி வெளியே பீய்ச்சி வருவதற்கு மீன்தொட்டி மோட்டார் பத்தவில்லை, பஞ்சர் கடை கம்ப்ரெஸரை வைத்தால் வீட்டில் இருக்க விட மாட்டார்கள். நடுவில் ஏதாவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். அப்புறம் திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்கள் யாராவது, ரிக் வண்டி நிற்கும்போது அந்த மாஸ்ட்டின் (நிமிர்ந்து நிற்கும் கோபுரத்தின்) அகலத்தையும் அதன் அடியில் இரும்பு ஆணி மாட்டும் இடத்தின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து எழுதினால் நன்றாக இருக்கும், போட்டோவைப் பார்த்து அளவு எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.