உதவி தேவை: ரத்தினகிரிக்கு மேல் அரை மணி நேரம் நிற்கும் பெயரில்லாத விமானம்

மாடிவாசி:
அவசரம். மூன்று நாட்களாக என் ராடாரில் அடையாளம் தெரியாத விமானம் ஒன்று தெரிகிறது. இரவு ஏழு மணிக்கு மேல் மேற்கிலிருந்து வரும். வேலூருக்குக் கிழக்கே இருக்கும் ரத்தினகிரியை நெருங்கியதும் நின்றுவிடும். அரை மணி நேரம் அசையாது, பிறகு சட்டென்று காணாமல் போய்விடும். பெயர் இல்லை, புறப்பட்ட ஊர் இல்லை. இராணுவத்திடம் சொல்லவேண்டுமா? சொன்னால் என்னையே விசாரிப்பார்களா?

அலைவரிசை:
முதலில் உங்களிடம் இருப்பது ராடார் இல்லை. ராடார் தானே அலையை அனுப்பி, மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்கும். நீங்கள் வைத்திருப்பது, 1090 மெகாஹெர்ட்ஸில் விமானம் தன்னைப் பற்றித் தானே சொல்வதைக் கேட்கும் காது. விமானம் வாயை மூடிக்கொண்டால் உங்களுக்கு வானம் காலி. இதை இங்கே எத்தனை முறை எழுதிவிட்டேன் என்று எண்ணுவதையும் விட்டுவிட்டேன்.

காட்பாடி சந்திப்பு:
ஆன்டெனா எங்கே இருக்கிறது? உயரம் எவ்வளவு காட்டுகிறது? விமானம் அனுப்பும் ஆறு இலக்க முகவரி எண் எதில் தொடங்குகிறது? வீடு எந்தப் பக்கம்? இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் நாங்கள் எதை வைத்துப் பதில் எழுதுவது?

ஆரணிப் பட்டு:
இதிலென்ன மர்மம்? அப்துல்லாபுரம் விமான நிலையத்துக்கான சோதனை ஓட்டமாக இருக்கும். நான் போன ஆண்டே சொன்னேன்.

அலைவரிசை:
வேலூருக்கு மேற்கே இருக்கும் அப்துல்லாபுரம் எங்கே, கிழக்கே இருக்கும் ரத்தினகிரி எங்கே?

வெட்டவெளி:
யாரும் சிரிக்காதீர்கள். 2023 நவம்பரில் இம்பால் விமான நிலையத்துக்கு மேல் ஏதோ தெரிகிறது என்று சில மணி நேரம் விமானங்களையே நிறுத்திவைத்தார்கள். ரஃபேல் போர் விமானம் போய்த் தேடியும் எதுவும் அகப்படவில்லை. வானில் தெரிந்த அடையாளமில்லாத பொருள்களைப் பற்றி அமெரிக்க விமானப்படை 1969 வரை 12,618 தகவல்களைத் திரட்டியது. அவற்றில் 701-க்கு இன்றுவரை விளக்கம் இல்லை.

அலைவரிசை:
மீதி 11,917-க்கு விளக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1952 ஜூலையில் வாஷிங்டன் ராடார்களில் புள்ளிகள் தெரிந்து, ஜெட் விமானங்களையே அனுப்பினார்கள். குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று படிந்து அலையை வளைத்திருக்கலாம் என்பதுதான் விமானப்படை சொன்ன காரணம்.

காட்பாடி சந்திப்பு:
ராடாரே இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? பிறகு ராடார் அலை வளைந்த கதை எதற்கு?

கம்மவான்பேட்டை சிப்பாய்:
தம்பி, விமானப்படையில் ராடார் திரைக்கு முன் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் சொல்கிறேன். அடையாளமில்லாத புள்ளி விழுந்தால் உடனே யாரும் ஜெட்டைக் கிளப்பமாட்டார்கள். முதலில் அந்தத் தடத்துக்கு ஏ.டி.சி. எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏர் டிராபிக் கன்ட்ரோல் அல்ல, ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ். நம் நாட்டு வானில் பறக்க அந்த அனுமதி வேண்டும். பயணத் திட்டத்தோடு நேரத்தை ஒட்டிப்பார்ப்பார்கள், சிவில் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போடுவார்கள், 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் தாமதமாகக் கிளம்பியதோ, பாதை விலகியதோ என்று அங்கேயே முடிந்துவிடும். தேநீர் ஆறுவதற்குள் முடிந்த விசாரணைகளே அதிகம். உங்கள் வீடு எங்கே?

மாடிவாசி:
மன்னிக்கவும் ஐயா, தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். சலவன்பேட்டை, மலையடிவாரம். ஆன்டெனா சமையலறை ஜன்னலில் இருக்கிறது. நிற்கும்போது உயரம் 9,800 அடி. எண் 80 என்று தொடங்குகிறது.

அலைவரிசை:
பெயர் மாடிவாசி, ஆன்டெனா சமையலறையில்.

காட்பாடி சந்திப்பு:
80 என்றால் இந்தியப் பதிவு. வேற்றுக்கிரகம் இல்லை, வெட்டவெளி மன்னிக்கவும். கிழக்கே கோட்டை மலை. இந்த அலை மலையைச் சுற்றிக்கொண்டு வராது, நேர்க்கோட்டில்தான் வரும். மலை உங்கள் ஜன்னலுக்கு மேல் 200 மீட்டர் எழுந்து, ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். ஐந்து மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரம். ரத்தினகிரி இருக்கும் பதினைந்து கிலோமீட்டரில் அது 3,000 மீட்டர், ஏறக்குறைய 9,800 அடி. அதற்குக் கீழே இறங்கும் விமானம் உங்களுக்கு மறைந்துவிடும். கடைசியாகக் கேட்ட இடத்தில்தான் புள்ளி நிற்கிறது. ஆனால் அரை மணி நேரம் ஏன்? பழைய புள்ளியை எவ்வளவு நேரம் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறீர்கள்?

மாடிவாசி:
30 நிமிடம். விமானம் மறைந்துவிடக்கூடாது என்று நானே மாற்றினேன்.

வெட்டவெளி:
பெயர் ஏன் இல்லை? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஆரணிப் பட்டு:
அப்படியென்றால் அரக்கோணம் ராஜாளி தளத்து விமானமாக இருக்கும். நம் வேலூர் மாவட்டத்தில் அவ்வளவு பெரிய கடற்படை விமானத்தளம் இருப்பது பலருக்குத் தெரியாது.

பாலாற்று மணல்:
அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். 2019-இலேயே பிரித்தாயிற்று.

ஆரணிப் பட்டு:
தளம் 1992-இல் தொடங்கியபோது ராணிப்பேட்டை மாவட்டம் எங்கே இருந்தது?

பாலாற்று மணல்:
அந்தக் கணக்கில் 1989 வரை எல்லாமே வட ஆற்காடு. உங்கள் ஆரணியே அன்றைக்குப் பிரிந்து திருவண்ணாமலையோடு போய்விட்டது. வேலூரை 'நம்' என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

ஆரணிப் பட்டு:
என் மாமனார் கல்யாணப் பத்திரிகையில் இன்றைக்கும் வ.ஆ. மாவட்டம் என்றுதான் அச்சடிக்கிறார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

காட்பாடி சந்திப்பு:
மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று வேலூரைச் சொல்வார்கள். பெயரில்லாத விமானத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மாடிவாசி, ஆன்டெனாவை மாடிக்குக் கொண்டுபோனீர்களா?

காட்பாடி சந்திப்பு:
நான்கு நாளாயிற்று. இருக்கிறீர்களா?

மாடிவாசி:
தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கம்பம் நட்டுக் கட்டினேன். நேற்று நிற்கவில்லை. ஆற்காடு, வாலாஜா தாண்டி இறங்கிக்கொண்டே போனது. பெயர் இன்னும் வரவில்லை. 30-ஐ 1 ஆக்கிவிட்டேன். நன்றி.

கம்மவான்பேட்டை சிப்பாய்:
நல்லது தம்பி. எங்கே போய் இறங்கியது என்பதை இங்கே எழுதவேண்டாம்.

பாலாற்று மணல்:
எங்கே இறங்கியிருந்தாலும் அது ராணிப்பேட்டை மாவட்டம்தான்.