வாடகை வீட்ட ரீஃபைனான்ஸ் பண்ணி கேஷ் எடுக்கணும், லெண்டர் 12 மாசம் ஆகலங்கிறாங்க

டாலஸ்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் 2019ல வாங்குன சிங்கிள் ஃபேமிலி வீடு ஒண்ணு வாடகைக்கு விட்டிருக்கோம், இப்ப 4,00,000 டாலர் போகும், லோன் பாக்கி 1,80,000. இன்னொரு வீட்டுக்கு டவுன் பேமென்ட் கட்ட கேஷ்-அவுட் (பழைய லோன அடைச்சு பெரிய லோனா மாத்தி மீதிய கைல வாங்குறது) கேட்டா, பழைய லோனுக்கு ஒரு வருஷம் ஆகல, முடியாதுங்கிறாங்க. எட்டு மாசம் முன்னாடி ரேட்டுக்காக ஒரு ரீஃபைனான்ஸ் பண்ணோம், சரிதான், ஆனா வீடு 2019லேருந்து எங்க பேர்லதானே இருக்கு? ஆறு மாசம் போதும்னுல்ல கேள்விப்பட்டேன்?

ரவுண்ட்ராக்_மாமா:
தம்பி, ரெண்டும் வேற வேற ரூல். டைட்டில் உங்க பேர்ல ஆறு மாசம் இருக்கணும், அது ஓகே. ஆனா 2023 ஏப்ரல்லேருந்து ஃபேனி மே (லெண்டர்கள்கிட்டேருந்து வீட்டு லோன வாங்கிக்கிற அமைப்பு), அடைக்கப்போற முதல் மார்ட்கேஜுக்கும் 12 மாசம் ஆயிருக்கணும்னு வெச்சுட்டாங்க. பழைய நோட் (கடன் பத்திரம்) தேதியிலேருந்து புது நோட் தேதி வரைக்கும்தான் கணக்கு, அதனால பதினோராவது மாசமே அப்ளை பண்ணி பேப்பர் வேலைய ஆரம்பிச்சிடலாம். ஒரு யூனிட் வாடகை வீட்டுக்கு வீட்டு மதிப்புல 75% வரைக்கும்தான் லோன், அதாவது 3,00,000, பழைய லோன் போக 1,20,000, அதுலயும் க்ளோசிங் காஸ்ட் போகும். அப்ரைசல் (வீட்டு மதிப்பீடு) 3,70,000னு வந்துச்சுன்னா 97,500தான், அதனால முழுசா நம்பி புது வீட்டுக்கு ஆஃபர் போட்டுடாதீங்க. டூப்ளெக்ஸ்லேருந்து நாலு யூனிட் வரைக்கும்னா 70%தான்.

பிரியா_எஸ்:
ரிசர்வ் (லோன் முடிஞ்சப்புறம் கைல மிச்சம் இருக்க வேண்டிய பணம்) பத்தி யாரும் சொல்லல. அந்த வீட்டோட அசல், வட்டி, டாக்ஸ், இன்சூரன்ஸ், ஹெச்ஓஏ (குடியிருப்பு சங்கக் கட்டணம்) எல்லாம் சேத்து ஆறு மாசத்துக்கு கைல காட்டணும், லோன் இருக்குற வேற வாடகை வீடு இருந்தா அதுக்கும் கூடுதலா கேப்பாங்க. இந்த ரீஃபைனான்ஸ்ல வர்ற கேஷ ரிசர்வா காட்ட முடியாது, நிறைய பேர் இங்கதான் மாட்டுறாங்க. 401(கே)ல (வேலை மூலமா சேக்குற ரிட்டயர்மென்ட் கணக்கு) வெஸ்ட் ஆன, அதாவது முழுசா உங்களுக்கே சொந்தமான பணத்த காட்டலாம். வாடகையும் முழுசா எடுத்துக்க மாட்டாங்க, வாடகை ஒப்பந்தத்த வெச்சு கணக்கு போட்டா 75%தான் வருமானக் கணக்குல வரும்.

டாலஸ்வாசி:
ரொம்ப நன்றி அக்கா, மாமா. டிஎஸ்சிஆர் லோன்னா (வாடகை வருமானத்த வெச்சு குடுக்குற லோன்) உடனே கிடைக்கும்னு ஒரு புரோக்கர் சொல்றார், போலாமா?

ரவுண்ட்ராக்_மாமா:
கிடைக்கலாம், அது ஃபேனி மே ரூல்ல வராது, சம்பளத்த விட வாடகை இஎம்ஐய தாங்குதான்னுதான் பாப்பாங்க. ஆனா பொதுவா ரேட் ஜாஸ்தி, சீக்கிரம் அடைச்சா ப்ரீபேமென்ட் பெனால்டி வேற இருக்கும், அத எத்தன வருஷம்னு எழுத்துல வாங்குங்க. நாலு மாசம்தானே, நானா இருந்தா காத்திருப்பேன். அப்புறம் வர்ற பணத்த தனி அக்கவுண்ட்ல போடுங்க, வீட்டுச் செலவோட கலந்துட்டா எந்த வட்டி எந்த வீட்டுக் கணக்குன்னு சிபிஏவுக்கு (வரிக் கணக்கு பாக்குறவர்) காட்டவே முடியாது.