'டேர் அவுட்' என்பதற்கு 'நார்ப்பிய்வு'

அன்புள்ள நண்பர்களுக்கு,

மரக்கிண்ணக் கடைசலில் நார் பிய்ந்து பரப்பில் பள்ளம் விழும், 'டேர் அவுட்' (tear-out) எனப்படும் குறைபாட்டுக்குச் 'சொரசொரப்பு' என்ற சொல்லே போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. சொரசொரப்பு என்றதும் எவருடைய கையும் உப்புத்தாளைத் தேடும். இந்தக் குறைபாட்டுக்கோ உப்புத்தாள் மருந்தன்று.

கடைசல் இயந்திரத்தில் பலகைவாக்கில் பூட்டிய கட்டையில் நார்கள் சுழலச்சுக்குக் குறுக்காகக் கிடப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் உளி இருமுறை நாரின் வெட்டுமுனையைச் சந்திக்கிறது. அங்கே மழுங்கிய குழியுளி நாரை அறுக்காமல் நெம்பி, பரப்புக்குக் கீழிருந்தே பிய்த்தெடுத்துவிடும். ஆகவேதான் கிண்ணத்தில் எதிரெதிரான இரண்டு இடங்களில் மட்டும் மங்கிய திட்டுகள் தோன்றுகின்றன. எண்ணெய் பூசியதும் அவை கருத்துப் பளிச்சென்று தெரியும்.

நார்கள் பரப்புக்கு மேலே எழுந்து நிற்பது வேறு. அதற்குச் 'சிலும்பல்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, 180 எண் உப்புத்தாளே (எண் ஏற ஏறத் தாள் நுண்மையாகும்) அதை நீக்கிவிடும். பிய்ந்த இடமோ ஒரு பள்ளம். அதைத் தேய்த்துப் போக்க வேண்டுமானால், சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் அந்தப் பள்ளத்தின் அடிமட்டம்வரை இறக்கியாக வேண்டும். திட்டில் மட்டும் 80 எண் தாளை அழுத்தினால் அவ்விடம் குழிந்து கிண்ணத்தின் வட்டம் கெடுவதோடு, உராய்வுச் சூட்டில் மெல்லிய சுவர் மயிரிழையாக வெடிக்கவும் கூடும்.

உளியைத் தீட்டிக்கொண்டு, அதன் சாய்முகம் (வெட்டும் விளிம்பை ஒட்டித் தீட்டிய சரிவு) மரத்தில் படிந்திருக்க, வெளிப்புறத்தில் அடியிலிருந்து விளிம்பை நோக்கியும் உட்புறத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் மெல்லிய சீவலாக ஒரு கடைசி வெட்டு எடுப்பதே உரிய வழி. அதன்பின் 120, 180, 240, 320 என்று ஏறும் ஒவ்வொரு தாளுக்கும் முந்தைய தாளின் கீறலை அழிப்பது மட்டுமே வேலை. தேய்ப்பு குறைந்தால் தூசும் குறையும். மரத்தூசு புற்றுநோய் விளைவிப்பதென உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதால் இதைச் சிறிய ஆதாயமாக நான் கருதவில்லை.

எனவே 'நார்ப்பிய்வு' என்ற சொல்லை முன்மொழிகிறேன். 'நார்க்கிழிவு' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் கிழிதல் நீளவாக்கிலான பிளவை நினைவூட்டுகிறது, இங்கே நிகழ்வதோ வேரோடு பெயர்தல். 'மணல்தாள்' என்ற மொழிபெயர்ப்பும் வேண்டாம். பட்டறைகளில் வழங்கும் உப்புத்தாளே இருக்கட்டும். மாற்றுச் சொல் இருப்பின், அது சிலும்பலிலிருந்து இக்குறையைப் பிரித்துக் காட்டுகிறதா என்பதையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.