பைத்தான் நோட்புக்கில் நிறையப் படங்களை ஒரே திரையில் காட்டுவது எப்படி?

காசிமேட்டுக்காரி

வணக்கம். கடைசி வருட புராஜெக்டுக்காக, படத்தைப் பார்த்து மீன் வகையைச் சொல்லும் ஒரு மாடல் செய்கிறோம். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் கூடை இறங்கும்போது நண்பர்கள் செல்போனில் எடுத்த படங்கள்தான் டேட்டா. வஞ்சிரம், சீலா, சங்கரா, வவ்வால், கானாங்கெளுத்தி என்று வகைக்கு ஒரு ஃபோல்டர். சில மீன்கள் ஃபோல்டர் மாறிக் கிடக்கின்றன. என் அப்பா விசைப்படகில் போகிறவர், பார்த்ததும் சொல்லிவிடுவார். ஆனால் கடலுக்குப் போய் வந்த மனிதரை உட்காரவைத்து ஒவ்வொரு படமாகத் திறந்து காட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒரு திரையில் முப்பது நாற்பது படம், கூடவே தமிழில் பெயர், அவ்வளவுதான் வேண்டும்.

பைத்தானில் படம் வரையும் லைப்ரரியான மேட்பிளாட்லிப்பின் சப்பிளாட்ஸில் (திரையைக் கட்டங்களாகப் பிரிப்பது) செய்து பார்த்தேன். நோட்புக்கில் அந்த செல் (கோட் எழுதும் பெட்டி) ஓடி முடிய ரொம்ப நேரம் ஆகிறது. தமிழ்ப் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் கட்டம் போகிறது, ஆனால் 'கெ'யின் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, 'ளு' உடைந்து தெரிகிறது. அப்புறம், செக்கச்செவேல் என்று இருக்கும் சங்கரா நீலமாக வருகிறது! படங்களை ஓப்பன்சிவி என்ற லைப்ரரியில் படிக்கிறேன்.

பெரம்பூர் பைத்தான்

சங்கரா நீலமாவதற்குக் காரணம் ஓப்பன்சிவி. அது நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் கொடுக்கும். மேட்பிளாட்லிப் சிவப்பை முதலில் எதிர்பார்க்கும். வரிசையை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

உங்கள் தேவைக்கு ஐபைபிளாட் என்ற லைப்ரரி பொருத்தமானது, பைத்தானின் பிப் நிறுவியிலேயே கிடைக்கும். அது படங்களை எச்டிஎம்எல் (வெப் பக்கத்தின் மொழி) ஆக எழுதிவிடுகிறது, காட்டுவது பிரவுசரின் வேலை. அதனால் தமிழ் லேபிள் கொம்பு, கால் எல்லாம் ஒழுங்காக வரும். படத்தைப் படித்துக் கொடுக்கவே வேண்டாம். கோப்புப் பாதைகளின் பட்டியலும் லேபிள் பட்டியலும் போதும். நிறக் குழப்பமும் அதோடு தீர்ந்தது. 'பிளாட் கிளாஸ் டேப்ஸ்' என்ற ஃபங்ஷன் வகைக்கு ஒரு டேப் போட்டுக் காட்டும். சும்மா விட்டால் ஒரு டேபில் 30 படம்தான் வரும், கூட்டிக்கொள்ளலாம். படத்தின் அகலம் 150 பிக்சல். அப்பாவுக்காக 220 வையுங்கள்.

படங்கள் நோட்புக் இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே இருந்தால் பிரவுசரால் எடுக்க முடியாது. கூகுளின் ஆன்லைன் நோட்புக்கான கோலாபில் ஓட்டினால் படத்தை பேஸ்64 ஆக (எழுத்துகளாக) மாற்றச் சொல்லும் விருப்பத்தை இயக்க வேண்டியிருக்கும்.

நேரம் ஆவதற்குக் காரணம் படத்தின் அளவு. 4000க்கு 3000 பிக்சல் படம் நினைவகத்தில் விரிந்தால் 36 எம்பி. நாற்பது படம் என்றால் 1.4 ஜிபியைத் தாண்டும். பில்லோ என்ற பட லைப்ரரியின் தம்ப்நெயிலில் சின்னப் பிரதிகள் எடுத்து வேறு ஃபோல்டரில், அதே கோப்புப் பெயரில் வையுங்கள். சேமிக்கும் முன், செல்போன் குறித்துவைத்த திசைப்படி படத்தைத் திருப்பும் எக்சிஃப் டிரான்ஸ்போஸ் போடுங்கள், இல்லாவிட்டால் செங்குத்தாக எடுத்த படங்கள் படுத்துவிடும்.

காசிமேட்டுக்காரி

ரொம்ப நன்றி அண்ணா, வேலை செய்கிறது! பெயர்கள் அச்சில் இருப்பதுபோல வருகின்றன. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா பார்த்தார். வஞ்சிரம் டேபில் விரலை வைத்து, "இது சீலாம்மா, வாயைப் பாரு, கீழ்த்தாடை முன்னாடி நீட்டிட்டிருக்கு" என்றார். நான் இத்தனை நாள் உடம்பின் வரிகளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தோடு கோப்புப் பாதையும் வருவதால் உடனே குறித்துக்கொள்ள முடிகிறது.

எண்ணூர் அலை

ஒரு விஷயம் சேர்க்கிறேன். பேஸ்64 பக்கம் போனால் படங்கள் நோட்புக் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்துவிடும், அளவும் மூன்றில் ஒரு பங்கு கூடும். கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் (git) ஏற்றும் முன் நோட்புக்கின் அவுட்புட்டை அழித்துவிடுங்கள். அப்பா சொன்ன திருத்தங்களை, கோப்புப் பெயர், பழைய லேபிள், புது லேபிள் என்று தனி சிஎஸ்வி (அட்டவணைக் கோப்பு) ஒன்றில் வையுங்கள், படங்களை உடனே இடம் மாற்ற வேண்டாம். முடிந்தால் கீழ்த்தாடை பற்றி அவர் சொன்னதையும் ஒரு பத்தியில் எழுதிவையுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் கேட்பார்கள்.